கும்மிடிப்பூண்டியும் அதற்கு அப்பாலும்: எல்லையோர மின்சார ரயிலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

சிப்காட்டில் வேலை கிடைத்துக் கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்தவர்கள், தடாவில் இறங்கி ஸ்ரீசிட்டி தொழிற்பகுதிக்குப் போகிறவர்கள், சூலூர்பேட்டையில் வீடு பார்த்துச் சென்னையில் படிக்கும் பிள்ளைகள், ராக்கெட் ஏவுவதைப் பார்க்க வருகிறவர்கள் என எல்லாருக்கும் ஒரே தடம்தான். சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில். பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் தாம்பரம் தடத்தில் பழகியவர்கள் அதே பழக்கத்தோடு இங்கே வந்தால் தடுமாறுவார்கள். அங்கே ஒரு வண்டி போனால் பின்னாலேயே அடுத்தது வரும். இங்கே அப்படி இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அதனால் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: இந்தத் தடத்தில் முனையம் ஒன்றல்ல, இரண்டு. பெரும்பாலான வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு முடிந்துவிடும். ஒரு பகுதி வண்டிகள் மட்டும் எல்லை தாண்டி ஆந்திராவில் உள்ள சூலூர்பேட்டை வரை போகும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 47 கிலோமீட்டர், சூலூர்பேட்டை ஏறத்தாழ 83 கிலோமீட்டர். முதலாவதற்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டாவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

தடம் வந்த வழி

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மேற்கே ஓடியது. வடக்குத் தடம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. சென்ட்ரல் நிலையம் 1873இல் திறக்கப்பட்டது. 1899இல்தான் விஜயவாடாவும் சென்னையும் ரயில் பாதையால் இணைந்தன. கல்கத்தா போகும் பெருவழியாக இருந்த அந்தப் பாதையில், இடையில் இருந்த பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் சூலூர்பேட்டையும் ஓரத்து நிலையங்கள்தான்.

சென்னையின் மின்சார ரயில் கதை 1931இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் தொடங்கியது. அது மீட்டர் கேஜ். வடக்குத் தடத்துக்கு மின்சாரம் வர இன்னும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1979 ஏப்ரல் 13 அன்று சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி பிரிவு மின்மயமானது. 1980 வாக்கில் விஜயவாடா வரை முழுப் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. இங்கே தொடக்கத்திலிருந்தே அகலப்பாதை, தலைக்கு மேலே 25,000 வோல்ட் மாறுமின்சாரம். எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்கும் மின்சார ரயிலுக்கும் ஒரே கம்பி, ஒரே தண்டவாளம். அதனால் கும்மிடிப்பூண்டியில் பாதை முடிவதில்லை, அங்கே முடிவது சேவை மட்டுமே. எல்லை தாண்டி வண்டியை நீட்டுவதற்குப் புதுத் தண்டவாளம் எதுவும் தேவைப்படவில்லை.

சென்னைப் பக்க முனையத்துக்கும் ஒரு கதை உண்டு. மின்சார ரயில்கள் நிற்கும் இடம் சென்ட்ரலின் பழைய சிவப்புக் கட்டடம் அல்ல. அதற்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகம். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, நாய்க்குட்டி, பறவை எல்லாம் கிடைக்கும். 1985 மே 30 அன்று அது எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் புறநகர் முனையம் எழுந்தது. சந்தை போய் நாற்பது ஆண்டுகளாகியும் நிலையத்தின் பெயரில் அது நிற்கிறது. டிக்கெட்டிலும் கால அட்டவணையிலும் ‘எம்எம்சி’ என்று பார்த்தால் இந்த வளாகம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வண்டியை அடையாளம் காண்பது

ஒன்று, எண்ணைப் பாருங்கள். ரயில் எண் ஐந்து இலக்கம். சென்னைப் புறநகர் வண்டிகளின் எண் 4இல் தொடங்கும். வடக்குத் தடத்துக்கு 42, அரக்கோணம் தடத்துக்கு 43, தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்துக்கு 40. 6இல் தொடங்கினால் மெமு. மெமு புறநகர் வண்டியைப் போலவே தோன்றும், ஆனால் நீண்ட தூரம் போகும், கழிப்பறை இருக்கும். சாதாரண மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. சூலூர்பேட்டை வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்பதால் குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் ஏறுமுன் நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இரண்டு, வண்டியின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயரையும் நடைமேடைப் பலகையையும் ஒப்பிடுங்கள். மூர் மார்க்கெட்டில் ஒரே நேரத்தில் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பெட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அவசரத்தில் அரக்கோணம் வண்டியில் ஏறியவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் ஒரு வாய்ப்பு தருகிறது. இரண்டு தடங்களும் அங்கேதான் பிரிகின்றன. வியாசர்பாடி என்ற பெயர் கண்ணில் பட்டால் நீங்கள் மேற்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். உடனே இறங்கி எதிர்ப்பக்க வண்டியில் பேசின் பிரிட்ஜ் திரும்புங்கள். சென்ட்ரல் வரை திரும்பிப் போக வேண்டியதில்லை.

மூன்று, எல்லா வடக்கு வண்டியும் சென்ட்ரலில் கிளம்புவதில்லை. சில வண்டிகள் கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வந்து கொருக்குப்பேட்டையில் தடத்தோடு சேரும். அவை பேசின் பிரிட்ஜைத் தொடுவதே இல்லை. பாரிமுனை, தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் பக்கம் வேலையாக வந்தவர்கள் சென்ட்ரலுக்குப் போய் மாறுவதைவிடக் கடற்கரையில் ஏறுவதே எளிது. கால அட்டவணையில் புறப்படும் இடத்தையும் பாருங்கள். சேருமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தவறான நிலையத்தில் காத்திருப்பது இந்தத் தடத்தில் அடிக்கடி நடக்கிற பிழை.

நான்கு, வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு. ஆவடி, அம்பத்தூர் பக்கம் போக வேண்டுமென்றால் சென்ட்ரல் வரை வராதீர்கள், பேசின் பிரிட்ஜிலேயே மாறிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கொருக்குப்பேட்டை. விமான நிலையம் போகிறவர்கள் விம்கோ நகரில் இறங்கிச் சற்று நடந்தால் மெட்ரோ கிடைக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ அங்கு வரை நீண்ட பிறகு, பெட்டி படுக்கையோடு சென்ட்ரல் கூட்டத்தில் நெருக்கியடிக்க வேண்டிய தேவை இல்லை.

டிக்கெட்

குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சூலூர்பேட்டை வரைகூடப் பேருந்தோடு ஒப்பிட்டால் மிக மலிவு. அதனால் டிக்கெட் இல்லாமல் போவதில் மிச்சம் எதுவும் இல்லை. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

எடுக்க மூன்று வழிகள். கவுண்டரில் வரிசை. இரண்டாவது, தானியங்கி இயந்திரம். ஸ்மார்ட் கார்டு வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. கார்டு இல்லாவிட்டால் பல நிலையங்களில் இயந்திரத்தின் பக்கத்தில் உதவியாளர் நின்று எடுத்துத் தருவார். மூன்றாவது கைபேசிச் செயலி. 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவில்லா டிக்கெட், நடைமேடை டிக்கெட், சீசன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதிலுள்ள ஆர்-வாலட்டில் பணம் போட்டு வைத்தால் 3 சதவீதச் சலுகை உண்டு.

செயலியில் சிக்கல் வருவது இரண்டு இடங்களில். தண்டவாளத்துக்குப் பக்கத்திலோ வண்டிக்குள்ளோ நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் போட முடியாது. ஜிபிஎஸ் உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், செயலி மறுத்துவிடும். ஓடும் வண்டியில் பரிசோதகரைக் கண்ட பிறகு டிக்கெட் எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே வீட்டிலிருந்தோ ஆட்டோவில் வரும்போதோ போட்டுவிடுங்கள். மறந்துவிட்டால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். இன்னொன்று, ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்து ‘டிக்கெட்டைக் காட்டு’ என்ற பகுதியில்தான் காட்ட வேண்டும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாத பயணி என்றே கணக்கு. இரண்டு மணி நேரப் பயணத்தில் பாட்டு கேட்டு பேட்டரியைக் காலி செய்துவிடாதீர்கள்.

எடுத்த டிக்கெட்டில் பயணத்தை எவ்வளவு நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கும். காலையில் எடுத்து வைத்து மாலையில் போக முடியாது.

தினமும் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட்டே வழி. இரண்டாம் வகுப்பு மாதச் சீசனுக்கு ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணங்களின் கட்டணம்தான். மாதம் இருபத்தைந்து நாள் போய்வந்தால் ஐம்பது பயணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதச் சீசன், மாதச் சீசனைப்போல மூன்று மடங்கு அல்ல, 2.7 மடங்கு. முதல் வகுப்பு மாதச் சீசன் இரண்டாம் வகுப்பைப்போல நான்கு மடங்கு. கூட்டத்தில் நிற்க முடியாத உடல்நிலை இருந்தாலொழிய அது தேவையில்லை. புகைப்பட அடையாள அட்டையைச் சீசனோடு சேர்த்து வைத்திருங்கள். அதில் உள்ள எண் சீசனில் இருக்க வேண்டும். முடியும் நாளுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள், ஒன்றாம் தேதி காலையில் கும்மிடிப்பூண்டி கவுண்டரில் நிற்பது நல்ல தொடக்கமல்ல.

புதியவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் தவறு ஒன்று. சூலூர்பேட்டையில் சில எக்ஸ்பிரஸ்கள் நிற்கும். மின்சார ரயில் தாமதம் என்றதும் புறநகர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். எக்ஸ்பிரஸ் கட்டணம் வேறு, புறநகர் டிக்கெட் அதில் செல்லாது. முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் சீசனும் காப்பாற்றாது. எக்ஸ்பிரஸில்தான் போக வேண்டுமென்றால் அதற்குரிய பொது டிக்கெட்டைத் தனியாக எடுத்து, பொதுப் பெட்டியில் ஏறுங்கள்.

எந்தப் பெட்டி

பெரும்பாலும் பன்னிரண்டு பெட்டிகள். ஒன்பது பெட்டி வண்டி வந்தால் நடைமேடையின் கோடியில் நிற்பவர்கள் ஓட வேண்டியிருக்கும். அதனால் நடுவில் நில்லுங்கள். நிறுத்தம் அரை நிமிடம்தான். பெண்களுக்கென்று தனிப்பெட்டி உண்டு, பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். ஆண்கள் ஏறினால் ரயில்வே சட்டப்படி குற்றம். மீன், பூ, கீரை, காய்கறிக் கூடைகளுக்கு விற்பனையாளர் பெட்டி இருக்கிறது. கூடை இல்லாதவர்கள் அதில் ஏறி வியாபாரிகளின் இடத்தை அடைக்காதீர்கள். பழவேற்காட்டு மீனும் பொன்னேரிப் பக்கத்துக் காய்கறியும் அந்தப் பெட்டியில்தான் நகரத்துக்குப் போகின்றன.

வாசலில் தொங்காதீர்கள். இந்தத் தடத்தில் பக்கத்துப் பாதையில் நிலக்கரி வண்டி தொடர்ந்து போகும், மின்கம்பங்கள் நெருக்கமாக இருக்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் கூடாது. நிற்காத எக்ஸ்பிரஸ் கும்மிடிப்பூண்டியையோ கவரைப்பேட்டையையோ தாண்டும் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. ஒரு வண்டி போனதும் கடக்கலாம் என்று கால் வைக்கும்போது எதிர்ப்பாதையில் இன்னொன்று வந்துகொண்டிருக்கும். பிடிபட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். மேம்பாலப் படி ஏற மூன்று நிமிடம் போதும்.

நிலையங்களின் வரிசை

இதை மனப்பாடம் செய்துகொண்டால் இருட்டிலும் கூட்டத்திலும் தடுமாற மாட்டீர்கள். மூர் மார்க்கெட், பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. அதற்குப் பிறகு எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை.

எண்ணூர் தாண்டியதும் கழிமுகப் பாலம் வரும். அத்திப்பட்டு புதுநகரும் அத்திப்பட்டும் வேறு வேறு நிலையங்கள். அனல்மின் நிலைய வேலைக்கு வருகிறவர்கள் எதில் இறங்க வேண்டுமென்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழவேற்காடு போக பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஏரி சூலூர்பேட்டைப் பக்கமும் விரிந்திருப்பதால் அங்கே இறங்கினால் பழவேற்காடு ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம், ஆந்திராவின் முதல் நிலையம் தடா.

ஏன் தாமதம் ஆகிறது

இதைப் புரிந்துகொண்டால் எரிச்சல் பாதி குறையும். டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ்கள், விஜயவாடா, ஹைதராபாத் வண்டிகள், எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் போகும் சரக்கு ரயில்கள், கூடவே உங்கள் மின்சார ரயில். சென்னைக்கு அருகில் கூடுதல் பாதைகள் இருக்கின்றன. அத்திப்பட்டுக்கு வடக்கே எல்லாவற்றுக்கும் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டுமென்றால் மின்சார ரயில் நிலையத்து லூப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். லூப் என்பது பிரதான பாதையிலிருந்து விலகி மறுபடி அதிலேயே சேரும் கிளை. 2024 அக்டோபர் 11 இரவில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் இப்படியொரு லூப் பாதைக்குள் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அதற்குப் பிறகு இங்கே வசிப்பவர்கள் யாருக்கும் லூப் என்ற சொல் புதிதல்ல.

இரண்டாவது காரணம் இணை வண்டி. முனையத்துக்கு வந்த அதே பெட்டித்தொடர்தான் திரும்பிப் போகும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநரும் ரயில் மேலாளரும் (பழைய பெயரில் ‘கார்டு’) இடம் மாறி, பிரேக்கைச் சோதித்துவிட்டால் கிளம்பலாம். ஆனால் வரும் வண்டியே நாற்பது நிமிடம் தாமதமென்றால் போகும் வண்டியும் தாமதம்தான். ஆகவே சூலூர்பேட்டையில் ‘வண்டி எப்போது கிளம்பும்’ என்று கேட்பதைவிட ‘வர வேண்டிய வண்டி எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். அதுதான் உண்மையான பதிலைத் தரும் கேள்வி.

மூன்றாவது, பராமரிப்புப் பணி. ‘லைன் பிளாக்’ என்பார்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி இடையே இது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் சில வண்டிகள் ரத்தாகும். சில வண்டிகள் மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ பாதியில் நிறுத்தப்பட்டு அங்கிருந்தே திரும்பும். முதலில் கை வைக்கப்படுவது சூலூர்பேட்டை நீட்சியில்தான். தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும், நாளிதழ்களிலும் வரும். மதிய நேரப் பயணமென்றால் முந்தின நாள் மாலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை வேறு, வண்டிகள் குறைவு. நேர்காணலோ தேர்வோ ஞாயிறு அன்று இருந்தால் இதைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பேசின் பிரிட்ஜ் பகுதியில் தண்டவாளத்தில் நீர் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் புறநகர் சேவை முடங்கிப்போனது. பெருமழை அறிவிப்பு இருக்கும் நாளில், சூலூர்பேட்டைக்காரர்கள் மாலை வண்டிக்குக் காத்திராமல் மதியமே கிளம்பிவிடுவது நல்லது.

எல்லை தாண்டிய பிறகு

வண்டிக்குள் எல்லை எதுவும் தெரியாது, நிறுத்திச் சோதிக்கவும் மாட்டார்கள். சூலூர்பேட்டை ஆந்திராவில் இருந்தாலும் நிலையம் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது. அதனால் சென்னையில் எடுத்த சீசனும் செயலியும் அப்படியே செல்லும். பெயர்ப்பலகையில் தெலுங்கு வந்துவிடும். உச்சரிப்பும் ‘சூள்ளூருப்பேட்ட’ என்று மாறும்.

இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. 1953இல் ஆந்திரம் பிரிந்து, எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு வட்டாரம் அந்தப் பக்கம் போனது. அதனால் தடா, சத்தியவேடு பக்கம் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். இருந்தாலும் இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள். ‘தடாலோ ஆகுதுந்தா?’ என்றால் தடாவில் நிற்குமா என்று பொருள். தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். தமிழ்க் காதுக்கு ‘முடியுமா’ என்று ஒலிப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். ‘ஏ பிளாட்ஃபாரம்?’ என்றால் எந்த நடைமேடை.

ஸ்ரீசிட்டிக்குப் போகிறவர்கள் தடாவில் இறங்க வேண்டும். தொழிற்பகுதி நெடுஞ்சாலைக்கு மேற்கே பரந்து கிடக்கிறது. நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். நிறுவனப் பேருந்து எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று வேலையில் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நேரமும் ஷிப்ட் நேரமும் பொருந்தாத இடங்கள் உண்டு. இரவு ஷிப்ட் என்றால் ரயிலை நம்பி வீடு பார்க்காதீர்கள், தடாவிலோ ஆரம்பாக்கத்திலோ தங்குவதே சரி.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்க வேண்டியது சூலூர்பேட்டை. ஏவுதளம் அங்கிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர், பழவேற்காடு (புலிக்காட்) ஏரியைக் கடந்து போகும் சாலை. உள்ளே நினைத்தபடி போக முடியாது. ஏவுதலைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்வையாளர் அரங்குக்கு இஸ்ரோவின் தளத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். இங்கே முக்கியமானது நேரம். ஏவுதல் தள்ளிப்போகலாம், முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், சாலை அடைத்துக்கொள்ளும். ஏவுதல் முடிந்து ஒரு மணி நேரத்தில் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் நடைமேடையில் உட்கார வேண்டியிருக்கும். மூன்று மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

குளிர்காலத்தில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம் பார்க்க வருகிறவர்களுக்கும் சூலூர்பேட்டையே வசதி. சரணாலயம் வடக்கே தொரவாரி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நிலையத்தில் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். ஊரிலேயே காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் அங்கே போய்வாருங்கள். நெல்லூர்ப் பக்கம் மேலே போக வேண்டியவர்களுக்கு மெமு உண்டு. திருப்பதிக்கு ரயிலில் என்றால் கூடூர் போய் மாற வேண்டும்.

திரும்பும் வண்டி

கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். சூலூர்பேட்டையிலிருந்து கடைசி மின்சார ரயில், கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் கடைசி வண்டிக்கு வெகு முன்னதாகவே போய்விடும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். கடைசி வண்டியைக் குறிவைக்காமல் அதற்கு முந்தின வண்டியைக் குறிவையுங்கள், அது ரத்தானால் கடைசி வண்டி கையில் இருக்கும்.

விட்டுவிட்டால் பதற்றம் வேண்டாம். சூலூர்பேட்டை, தடா, கும்மிடிப்பூண்டி மூன்றையும் தொட்டுக்கொண்டு 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. நெல்லூரிலிருந்து வரும் பேருந்துகள் அதில்தான் வரும். பெரும்பாலானவை மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்தில் கொண்டுவிடும், அங்கிருந்து நகரப் பேருந்து கிடைக்கும். வண்டி ரத்து, தாமதம், பாதுகாப்பு எதற்கும் 139 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்கள் தனியாக இரவில் காத்திருக்க நேர்ந்தால் நடைமேடையின் கோடியில் உட்காராமல், நிலைய மேலாளர் அறைக்கோ டிக்கெட் கவுண்டருக்கோ பக்கத்தில், விளக்கு எரியும் இடத்தில் இருங்கள்.